ஆடி முடித்து நேராக நிற்கும் சுவர்: பர்மாவில் கட்டுவோருக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

2025 மார்ச் 28 நிலநடுக்கத்துக்குப் பிறகு இரங்கூன் தமிழர்கள் மத்தியில் கட்டடம் பற்றிப் பேச்சு வந்தால் முதல் கேள்வி ஒன்றுதான்: "நம்ம கட்டடம் தாங்குமா?" நியாயமான கேள்வி. ஆனால் மாண்டலேயில் பலர் மாட்டிக்கொண்டது இரண்டாவது கேள்வியில்: "நடுக்கத்துக்குப் பிறகு அது பயன்படுமா?" கட்டடம் விழவில்லை, உயிர்ச்சேதம் இல்லை. ஆனால் தூண் ஒரு பக்கம் சாய்ந்து நிற்கிறது, சுவரின் அடி நொறுங்கியிருக்கிறது. உள்ளே போகவும் முடியாது, இடிக்கவும் காசில்லை. பள்ளிக்கூடமோ மருத்துவமனையோ இப்படி ஆகிவிட்டால், நிலநடுக்கம் முடிந்த மறுநாள் அது இருந்தும் ஒன்றுதான், இல்லாவிட்டாலும் ஒன்றுதான்.

இந்த இரண்டாவது கேள்விக்காகவே உருவானது தானே நிலைக்குத் திரும்பும் ஆடுசுவர். பொறியாளர்கள் 'ராக்கிங் வால்' என்பார்கள். கட்டட உரிமையாளர், அறக்கட்டளைக் குழுவில் இருப்பவர், இளம் பொறியாளர் என மூவருக்கும் பயன்படும்படி இதை எழுதுகிறேன். கணக்கு வரும் இடத்தை மற்றவர்கள் தாண்டிப் போகலாம்.

முன்கூட்டியே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். சுவர் சரியாக இருந்தால் மட்டும் போதாது. அது ஆடுவதற்குத் தளமும் அஸ்திவாரமும் பக்கத்துக் கட்டடமும் இடம் விட வேண்டும். பெரும்பாலும் கோட்டை விடுவது அங்கேதான்.

சாதாரணச் சுவர் என்ன செய்கிறது, இது என்ன செய்கிறது

வழக்கமான ஷியர் வால், அதாவது பக்கவாட்டு விசையைத் தாங்கும் கான்கிரீட் சுவர், அஸ்திவாரத்தோடு கம்பியால் கட்டிப் போடப்பட்டது. பெரிய நடுக்கத்தில் அதன் அடியில் உள்ள கம்பி இழுபட்டு நிரந்தரமாக நீளும், கான்கிரீட் நொறுங்கும். அந்தச் சேதத்தின் வழியாகத்தான் நடுக்கத்தின் ஆற்றல் செலவாகிறது. கட்டட விதிகள் இதை அனுமதிக்கின்றன, சொல்லப்போனால் எதிர்பார்க்கின்றன. உயிர் பிழைத்தால் சரி என்பது அவற்றின் கணக்கு. 2011 பிப்ரவரியில் நியூசிலாந்தின் கிறைஸ்ட்சர்ச் நகரம் இதற்கு என்ன விலை என்று காட்டியது. பல மாடிக் கட்டடங்களில் மிகச் சிலவே சரிந்தன. ஆனால் நகர மையத்திலிருந்த பல மாடிக் கான்கிரீட் கட்டடங்களில் பாதிக்கும் மேல் பின்னால் இடிக்கப்பட்டன. சாய்வு உயரத்தில் சுமார் 0.5 சதவீதத்தைத் தாண்டி நிலைத்துவிட்டால், சரிசெய்வதைவிட இடித்துக் கட்டுவதே மலிவு என்பது ஜப்பானிய அனுபவம்.

ஆடுசுவர் அஸ்திவாரத்தோடு ஒட்டாமல் அதன் மேல் வெறுமனே நிற்கிறது. கனமான இரும்புப் பீரோவை மேலே பிடித்துத் தள்ளினால் ஒரு பக்கக் கால் தூக்கி, விட்டதும் 'டம்' என்று பழைய இடத்துக்கே வரும் அல்லவா, அதே சங்கதிதான். அதோடு இரண்டு பொருட்கள் சேர்கின்றன. ஒன்று, உச்சியிலிருந்து அஸ்திவாரம் வரை சுவருக்குள் சுதந்திரமாக ஓடும், கான்கிரீட்டோடு ஒட்டாத உயர்வலிமை எஃகு இழுகம்பி. களத்தில் இதை ஸ்ட்ராண்ட் என்பார்கள். சுவர் சாயும்போது இது நீண்டு, திரும்ப இழுக்கிறது. இன்னொன்று, வேண்டுமென்றே வளைந்து ஆற்றலைத் தின்னும் எஃகுத் தகடுகள், அதாவது டாம்பர்கள். இவை இல்லாவிட்டால் சுவர் ஆடிக்கொண்டே இருக்கும்.

இந்தச் சிந்தனைக்கு வயது அதிகம். 1960 சிலி நிலநடுக்கத்தில், விழுந்திருக்க வேண்டிய உயரமான தண்ணீர்த் தொட்டிகள் சில நின்றன. உறுதியானவை போல் தெரிந்தவை சேதமாயின. அமெரிக்கப் பொறியாளர் ஜார்ஜ் ஹவுஸ்னர் இதைக் கவனித்து, அஸ்திவாரத்தில் ஆடுவதே அவற்றைக் காப்பாற்றியது என்று 1963-ல் கணக்கோடு எழுதினார். 1981-ல் நியூசிலாந்தின் தெற்கு ரங்கிடிகேய் ரயில் பாலம் இதே தத்துவத்தில் அடி தூக்கும் தூண்களோடு கட்டப்பட்டது. கட்டடச் சுவருக்கு இது முழு வடிவம் பெற்றது 1990-களில்: நியூசிலாந்துப் பொறியாளர் நைஜல் பிரீஸ்ட்லி முன்னின்று நடத்திய திட்டத்தில், 60 சதவீத அளவில் கட்டிய ஐந்து மாடிக் கட்டடம் 1999-ல் சான் டியாகோவில் சோதிக்கப்பட்டது. கிறைஸ்ட்சர்ச்சில் இதே முறையில் 2010-ல் முடிந்த சதர்ன் கிராஸ் மருத்துவமனையின் எண்டோஸ்கோப்பிக் கட்டடம், அடுத்தடுத்து வந்த நடுக்கங்களைச் சிறு சேதத்தோடு கடந்தது.

படி 1: இடம் இதற்குத் தகுந்ததா?

இங்கேதான் நிறைய நேரம் செலவழிக்க வேண்டும். சகாயிங் பிளவு வடக்கிலிருந்து தெற்காக மாண்டலே, நேப்பிடோ, பெகு வழியாகப் போகிறது. இரு பக்க நிலமும் ஆண்டுக்கு ஏறத்தாழ 2 சென்டிமீட்டர் ஒன்றையொன்று உரசி நகர்கின்றன. 2025-ல் 7.7 அளவு நடுக்கத்தில் 400 கிலோமீட்டருக்கும் மேல் கிழிந்தது. மூவாயிரத்துக்கும் மேற்பட்டோர் இறந்தனர். அந்தக் கிழிசல் நேப்பிடோவைத் தாண்டித் தெற்கே வந்து நின்றுவிட்டது. பெகுப் பகுதி கடைசியாகப் பெரிதாக உடைந்தது 1930 மே 5-ல். ஷ்வேமோடோ பகோடா அப்போதுதான் சரிந்தது. பெகுவில் சுமார் 500 பேரும் இரங்கூனில் சுமார் 50 பேரும் மாண்டார்கள். ஆகவே "மாண்டலேக்கு வந்துவிட்டது, நமக்கு இனி வராது" என்று டீக்கடையில் யாராவது சொன்னால் நம்ப வேண்டாம்.

பிளவுக் கோடு மனைக்கு அடியிலேயே போனால் எந்தச் சுவரும் உதவாது. தாசி அருகே ஒரு சூரிய மின்நிலையத்தின் கண்காணிப்புக் காமிராவில் பதிவான காட்சி உலகெங்கும் பரவியது: ஒன்றேகால் நொடி அளவில் நிலம் இரண்டரை மீட்டர் பக்கவாட்டில் நழுவியது. அதன் மேல் நிற்கும் எதுவும் இரண்டாகக் கிழியும். கோட்டிலிருந்து விலகிப் போய்க் கட்டுவதுதான் ஒரே வழி.

அடுத்தது மண். ஐராவதிக் கரையோர வண்டல் மணல் குலுங்கும்போது நீராக ஓடும். அஸ்திவாரமே ஒரு பக்கம் புதைந்தால், சுவர் எவ்வளவு அழகாக நேரே திரும்பினாலும் கட்டடம் சாய்ந்துதான் நிற்கும். மண் பரிசோதனை செய்து, தேவைப்பட்டால் ஆழமான பைல் அஸ்திவாரம் போடாமல் அடுத்த படிக்குப் போகக்கூடாது.

மூன்றாவது, பக்கத்துக் கட்டடம். இரங்கூன் நகர மையத்தில், காளியம்மன் கோயிலைச் சுற்றிய தெருக்களில், பன்னிரண்டரை அடிக்கு ஐம்பது, இருபத்தைந்துக்கு ஐம்பது என்று மனைகள். வீடுகள் தோளோடு தோள் ஒட்டி நிற்கின்றன. ஐந்து மாடி, 16 மீட்டர் உயரமுள்ள ஆடுசுவர்க் கட்டடம் 2 சதவீதம் சாய்ந்தால் உச்சி 32 சென்டிமீட்டர் நகரும். ஒரு அடிக்கும் மேல்! பக்கத்து வீட்டுக்காரரும் தன் பங்குக்கு ஆடுவார். இடைவெளி இல்லாத மனையில் இந்த முறை ஆபத்து என்பது என் கருத்து. அங்கே தரைத்தளத்தைக் கடைகளுக்காகத் திறந்துவிடாமல், தூண்களில் வளையக் கம்பியை நெருக்கமாகப் போட்டு ஒழுங்காகக் கட்டுவதே பெரிய உபகாரம்.

அப்படியானால் யாருக்கு இது? தனி வளாகத்தில் நிற்கும் பள்ளி, மருத்துவமனை, மாணவர் விடுதி, திருமண மண்டபம். நான்கைந்து மாடி, சுற்றிலும் இடம், நடுக்கம் முடிந்த அன்றே திறக்க வேண்டிய அவசியம். பெகு, மோல்மீன் பக்கம் நம் ஆட்கள் வளாகம் வாங்கிக் கட்டும் இடங்கள் பல இதற்குப் பொருந்தும். கோபுரத்துக்குப் பொருந்தாது, அது வேறு கதை.

படி 2: சுவர்களை எங்கே வைப்பது

இரண்டு திசையிலும் குறைந்தது இரண்டு இடத்தில், கட்டடத்தின் நடுவுக்குச் சமச்சீராக. ஒரே மூலையில் லிஃப்டைச் சுற்றி வைத்தால் கட்டடம் முறுக்கிக்கொள்ளும். ஒவ்வோர் இடத்திலும் ஒற்றைச் சுவரைவிட, பக்கத்தில் பக்கத்தில் இரண்டு சுவர்களை நிறுத்தி, நடுச் சந்தில் தகடுகளைப் பொருத்துவது எனக்குப் பிடித்த ஏற்பாடு. ஏன் என்பது படி 4-ல் தெரியும். தளங்களின் எடையைத் தூண்களும் உத்திரங்களும் சுமக்கட்டும். சுவர் பக்கவாட்டு விசைக்கு மட்டும்.

படி 3: இழுகம்பிக் கணக்கு

ஓர் உதாரணம். சுவர் 3 மீட்டர் நீளம், 30 சென்டிமீட்டர் தடிமன், 16 மீட்டர் உயரம், கான்கிரீட் வலிமை 35 மெகாபாஸ்கல். சொந்த எடை சுமார் 350 கிலோநியூட்டன். நடுக்கோட்டில் 15.2 மில்லிமீட்டர் ஸ்ட்ராண்ட் 16. ஒன்றுக்கு 140 சதுர மில்லிமீட்டர், மொத்தம் 2,240. தொடக்கத்தில் 800 மெகாபாஸ்கல் அளவுக்கு இழுத்துப் பூட்டினால் சுமார் 1,790 கிலோநியூட்டன்.

இப்போது சுவரை 2 சதவீதம் சாய்ப்போம். அழுந்தும் முனைப்பகுதி சுமார் 38 சென்டிமீட்டர். அப்போது நடுக்கோட்டில் சுவர் தரையை விட்டு எழும்பும் உயரம் சுமார் 22 மில்லிமீட்டர். கம்பி ஒட்டாமல் 16 மீட்டர் முழுக்க ஓடுவதால் இந்த நீட்சி முழு நீளத்துக்கும் பங்கிடப்படுகிறது: 22-ஐ 16,000-ஆல் வகுத்தால் 0.0014. எஃகின் மீட்சிக் கெழுவால் பெருக்கினால் தகைவு சுமார் 270 மெகாபாஸ்கல் கூடும். மொத்தம் 1,070. இந்த வகை ஸ்ட்ராண்ட் நிரந்தரமாக நீளத் தொடங்குவது சுமார் 1,670-ல். போதிய இடம் இருக்கிறது. கம்பியைக் கான்கிரீட்டோடு ஒட்டவிட்டால் இதே 22 மில்லிமீட்டரும் அடியில் சிறு நீளத்திலேயே விழுந்து, கம்பி நெகிழ்ந்து, திரும்ப இழுக்கும் சக்தியை இழக்கும். களத்தில் யாராவது "டக்டுக்குள்ள கிரவுட் ஊத்திரலாமா, உறுதியா இருக்கும்" என்று, அதாவது கம்பி ஓடும் குழாயைச் சிமென்ட் குழம்பால் நிரப்பலாமா என்று, கேட்டால் பதில் இதுதான்.

கம்பியை ஓரத்தில் வைத்தால் எதிர்ப்பு விரைவாகக் கூடும், ஆனால் நீட்சி ஏறத்தாழ இரட்டிக்கும். முதல் முறை செய்பவர்கள் நடுவிலேயே வையுங்கள்.

2 சதவீதச் சாய்வில் கம்பியும் எடையும் சேர்ந்து தரும் விசை சுமார் 2,750 கிலோநியூட்டன். அதை அழுத்த விசை இறங்கும் புள்ளிக்கும் சுவரின் நடுவுக்கும் உள்ள தூரமான 1.35 மீட்டரால் பெருக்கினால் ஒரு சுவருக்குச் சுமார் 3,700 கிலோநியூட்டன்-மீட்டர். இரண்டு சுவருக்கு 7,400. கட்டடத்தை நேராக்கும் சக்தி இது.

படி 4: ஆற்றல் தின்னும் தகடுகள்

இரண்டு சுவரும் தத்தம் முனையில் நின்று ஆடும்போது, நடுச் சந்தில் ஒன்று மேலே போக மற்றது கீழேயே நிற்கும். நம் உதாரணத்தில் இந்த வித்தியாசம் 6 சென்டிமீட்டருக்கு மேல். அந்தச் சந்தில் 'யு' வடிவில் வளைத்த எஃகுப் பட்டைகளைப் பொருத்துகிறார்கள். ஒரு கை ஒரு சுவரிலும் மறு கை மற்றதிலும் பற்றவைக்கப்படும். சுவர்கள் நகர நகரப் பட்டை உருண்டு வளைந்து ஆற்றலைத் தின்னும். நியூசிலாந்தில் 1972-லேயே சோதித்துச் சொல்லப்பட்ட சாதனம் இது. விலை குறைவு, உள்ளூர்ப் பட்டறையிலேயே வளைக்கலாம், நடுக்கத்துக்குப் பிறகு கழற்றி மாற்றலாம். பர்மாவுக்கு இதைவிடப் பொருத்தமான டாம்பர் எனக்குத் தெரியவில்லை. இறக்குமதியான எண்ணெய் டாம்பருக்கு டாலர் தேடி அலைய வேண்டாம்.

150 மில்லிமீட்டர் அகலம், 16 மில்லிமீட்டர் தடிமன், வளைவின் விட்டம் 140 என்றால், சாதாரண எஃகில் ஒரு பட்டை சுமார் 41 கிலோநியூட்டன் தரும். தடிமனை இரட்டித்தால் விசை நான்கு மடங்காகும். ஆகவே கடையில் '16 இல்லை, 20 இருக்கு' என்று மாற்றிக் கொடுப்பதை ஏற்காதீர்கள். மாடிக்கு ஆறு வீதம் ஐந்து மாடிக்கு முப்பது பட்டை: சுமார் 1,230 கிலோநியூட்டன். சுவர் மையங்களுக்கு இடையே 3.2 மீட்டர் என்றால் 3,900 கிலோநியூட்டன்-மீட்டர்.

இப்போது முக்கியமான சோதனை. நேராக்கும் சக்தி, தகடுகளின் எதிர்ப்பைவிடக் குறைந்தது 1.15 மடங்கு இருக்க வேண்டும் என்கிறது நியூசிலாந்து முறை. நமக்கு 7,400-க்கு 3,900, கிட்டத்தட்ட 1.9. தாராளம். தகடுகளை அளவுக்கு மீறிச் சேர்த்தால், வளைந்த தகடுகளே கட்டடத்தைச் சாய்ந்த நிலையில் பிடித்து வைத்துவிடும். "கூடுதலா போட்டா கூடுதல் பாதுகாப்பு" என்ற எண்ணம் இங்கே செல்லாது. மறுபக்கம், மிகக் குறைத்தாலும் ஆபத்து: அமெரிக்க ஏற்புச் சோதனை குறைந்தபட்ச ஆற்றல் சிதறலை 12.5 சதவீதம் என்று வைக்கிறது.

சந்தில் கீழேயே நிற்கும் சுவரைத் தகடுகள் மேல்நோக்கி இழுக்கும் 1,230-ஐக் கழித்தாலும் அழுத்தம் மிஞ்சுகிறதா என்றும் பாருங்கள். இங்கே 1,500 மிஞ்சுகிறது.

படி 5: முனையும் அஸ்திவாரமும்

முழுப் பாரமும் ஒரு நேரத்தில் ஒரு முனையில் இறங்கும். அந்த மூலைகளில் நெருக்கமான வளையக் கம்பி கட்டாயம். விளிம்பை எஃகுக் கோணத்தால் மூடுவது நல்லது. சுவருக்கும் அஸ்திவாரத்துக்கும் நடுவே இழை கலந்த, சுருங்காத கிரவுட் படுகை. சுவர் வழுக்காமல் இருக்க உராய்வை மட்டும் நம்பாமல் பக்கவாட்டில் தடுப்பு வையுங்கள். அஸ்திவாரம் விரிசலே விடாத அளவுக்கு வலுவாக வேண்டும், இழுகம்பியின் கீழ்முனையைப் பூட்டும் நங்கூரத்தையும் சேர்த்து.

இளம் பொறியாளர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அடியில் சுவர் ஆடத் தொடங்கியதும் விசை அங்கேயே கட்டுப்பட்டுவிடும் என்று நினைப்பது பாதி உண்மை. முதல் அலைவு வடிவத்தின், அதாவது கட்டடம் முழுதும் ஒரே பக்கம் சாயும் அசைவின், விசைதான் கட்டுப்படுகிறது. கட்டடம் பாம்புபோல் நெளியும் மேல் அலைவு வடிவங்களின் விசை கட்டுப்படுவதில்லை. நடு உயரத்தில் சுவரின் வளைவும் வெட்டுவிசையும் எளிய கணக்கு சொல்வதைவிட நன்றாகவே கூடும். நடுக்கப் பதிவுகளை நொடிக்கு நொடி கணினியில் ஓட்டிப் பார்க்கும் காலவாரிப் பகுப்பாய்வு செய்யாமல் இந்தச் சுவரை வரைபடத்தில் கையெழுத்திட்டு அனுப்பாதீர்கள். பிளவுக்கு அருகில் என்றால், நீண்ட ஒற்றைத் தள்ளாக வரும் அசைவுப் பதிவுகளையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

படி 6: தளத்தோடு இணைப்பு

வழக்கப்படி ஸ்லாபையும் சுவரையும் சேர்த்து ஒரே வார்ப்பாகப் போட்டுவிட்டால் எல்லாம் வீண். சுவரின் ஓரம் 5 சென்டிமீட்டர் எழும்பும்போது ஸ்லாபையும் தூக்கும். ஸ்லாப் கிழியும், அல்லது கிழிய மறுத்துச் சுவரை ஆடவிடாமல் பிடிக்கும். பிடித்தால் கணக்கில் இல்லாத விசை சுவருக்குள் ஏறும். ஆகவே சுவரின் நடுக்கோட்டில் மட்டும், செங்குத்தாக நீண்ட துளையுள்ள எஃகு இணைப்பு. பக்கவாட்டு விசை அதன் வழியே போகும், மேல்-கீழ் அசைவு சுதந்திரமாக நடக்கும். துளைக்குள் சிமென்ட் பால் புகாதபடி மூடி வையுங்கள்; வார்ப்பன்று பார்க்காவிட்டால் பிறகு யாருக்கும் தெரியாது.

படிக்கட்டின் ஒரு முனை நழுவும்படி, செங்கல் தடுப்புகள் தூணை முட்டாதபடி, தண்ணீர்க் குழாய் வளையும்படி. இவற்றுக்கும் இதே விதி.

படி 7: கட்டும்போது

இங்கே மே முதல் அக்டோபர் வரை மழை. கிரீஸ் தடவி பிளாஸ்டிக் உறை போட்ட ஸ்ட்ராண்டே வாங்குங்கள். உறை கிழிந்திருந்தால் அந்தத் துண்டை ஒதுக்குங்கள். நங்கூரத் தலைக்கு நீர் புகாத மூடி வேண்டும், அதைத் திறந்து பார்க்க வழியும் வேண்டும். இழுப்பு வேலையை, பாலங்களில் இதைச் செய்து பழகிய குழுவிடம் கொடுங்கள். ஒவ்வொரு ஸ்ட்ராண்டின் விசையையும் நீட்சியையும் எழுதி வாங்குங்கள்.

அனுமதி விஷயம்: பர்மாவின் தேசியக் கட்டட விதித்தொகுப்பு நிலநடுக்கப் பகுதியில் அமெரிக்க முறையைத் தழுவியது. அமெரிக்கக் கான்கிரீட் கழகத்துக்கு இந்தச் சுவர்களுக்கென்றே ஐ.டி.ஜி. 5.1, 5.2 என்ற ஆவணங்கள் இருந்தன; 2019-ல் அவற்றின் இடத்தை 550.6, 550.7 என்ற ஆவணங்கள் பிடித்தன. வடிவமைப்பைத் தொடங்கும் நாளிலேயே அவற்றை அதிகாரிகள் முன் வைத்துப் பேசுவது பின்னால் மாதக்கணக்கில் அலைவதைத் தவிர்க்கும்.

பழைய கட்டடத்துக்குச் செய்யலாமா என்று கேட்பவர்கள் உண்டு. டோக்கியோ தொழில்நுட்பக் கழகத்தின் சுசுகாகேதாய் வளாகத்தில் ஜி3 என்ற 11 மாடிக் கட்டடத்துக்கு வெளிப்புறமாக, அடியில் கீல் வைத்த சுவர்களைச் சேர்த்தார்கள். 2011 நடுக்கத்தைப் பெரிய சேதமின்றிக் கடந்தது. ஆனால் அதில் நேராக்கும் இழுகம்பி கிடையாது. எல்லா மாடியும் ஒரே அளவு சாயும்படி செய்து, ஒரு மாடி மட்டும் நொறுங்குவதைத் தடுக்கும் ஏற்பாடு அது. நம் ஊரின் திறந்த தரைத்தளக் கட்டடங்களுக்கு அந்த ஒன்றே பெரிய உதவி. அப்புறம், தேக்கு நாடாயிற்றே, மரத்தில் முடியுமா? 2023-ல் சான் டியாகோ அதிர்வு மேடையில் பத்து மாடி மரக் கட்டடம் ஆடுசுவர்களோடு பல பெரிய குலுக்கல்களைத் தாங்கியது. ஆனால் அது அடுக்கி ஒட்டிய ஊசியிலை மரப் பலகை. தேக்கு உத்திரம் இல்லை.

படி 8: நடுக்கம் வந்த பிறகு

முதலில் முனைகளைப் பாருங்கள்: மேல்பூச்சு உதிர்ந்திருந்தால் பரவாயில்லை, உள்ளே வளையக் கம்பி தெரிந்தால் பொறியாளர் வரும்வரை யாரும் உள்ளே போக வேண்டாம். பிறகு தூக்குக்குண்டு போட்டுச் சாய்வை அளந்து, கட்டி முடித்த நாளின் அளவோடு ஒப்பிடுங்கள். யு பட்டைகளில் வளைவின் வெளிப்பக்கம் மயிரிழை விரிசல் இருக்கிறதா, வெல்டிங் விட்டிருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பார்த்து, சந்தேகமானதை மாற்றுங்கள். நங்கூர மூடியைத் திறந்து, கம்பியைக் கவ்விப் பிடிக்கும் ஆப்பு நழுவியிருக்கிறதா பார்த்து, ஜாக் வைத்து விசையைத் திரும்ப அளக்கச் சொல்லுங்கள். இதற்கெல்லாம் இழுப்புப் பதிவேடும் பட்டையின் அளவு வரைபடமும் கையில் இருக்க வேண்டும். ஒப்பந்தக்காரரிடம் மட்டும் விட்டுவைக்காமல், ஒரு பிரதியைப் பள்ளி அலுவலகத்திலும் இன்னொன்றை வேறு ஊரிலுள்ள ஓர் அறங்காவலர் வீட்டிலும் வைத்திருங்கள்.